பஸ் ஏன் சுற்றிப் போகிறது என்று கேட்கும் பெண்

மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கவலை புரிகிறது. ஆனால் வீட்டில் கை வைக்காதீர்கள். சித்தப்பா, பெரியப்பா பேச்சைக் கேட்டு வாங்கும் கடனை அவர்களா அடைக்கப் போகிறார்கள்?

நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "எந்நேரமும் மேப்பைத் திறந்து, இந்த பஸ் ஏன் இப்படிச் சுற்றிப் போகிறது என்கிறாள்." சரி, அந்தக் கேள்விக்கே சம்பளம் தரும் வேலை ஒன்று இருக்கிறது. ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் முறைமை.

சாலை, மனை எல்லை, மக்கள்தொகை, தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் தனித்தனி அடுக்குகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, எங்கே குடியிருப்பு, எங்கே புதுச் சாலை என்று உள்ளாட்சிகள் திட்டமிடுகின்றன. 1960களில் ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் கனடா அரசுக்காக இதைத் தொடங்கியதே நிலத்தைக் கணக்கெடுக்கத்தான்.

பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டருக்கு வட்டம் போட்டால், உள்ளே இருக்கும் எல்லா வீட்டுக்கும் பஸ் வசதி உண்டு என்று தோன்றும். நடுவில் ரயில் பாதை ஓடினால்? அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். வட்டத்தை விட்டுவிட்டு நடக்கும் வழியிலேயே தூரத்தை அளந்தால், விடுபட்ட வீடுகள் பளிச்சென்று தெரியும். சுரங்கப்பாதை போடுவதா, நிறுத்தத்தையே நகர்த்துவதா என்பதெல்லாம் அப்புறம்.

புவியியல், சிவில், நகரத் திட்டமிடல், புவித்தகவலியல் என எதைப் படித்தும் இதற்குள் வரலாம். நிரல் எழுதும் பைத்தான் மொழியும், தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுக்கும் எஸ்கியூஎல் மொழியும் கொஞ்சம் வேண்டும். அதுவும் கம்ப்யூட்டர் வேலைதான் என்பதால் சித்தப்பாவுக்கு ஆறுதல். சலிப்பும் உண்டு: பழைய வரைபடத்தில் மனை எல்லை நடுரோட்டில் கிடக்கும், அதைச் சரிசெய்வதிலேயே நாள் போகும்.

பெரிய தொகை கேட்கும் சான்றிதழ் வகுப்பும் இப்போது வேண்டாம். இந்த வரைபட வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும், 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவும், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் நிலம் என்ற அளவில் காட்டும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான். ஒரு மாதம் விடுங்கள். எந்தத் தெருவிலிருந்து பஸ் நிறுத்தம் எவ்வளவு நடை என்று அவளே வரைந்து பார்க்கட்டும். அலுத்துப்போனால் வேறு வழி பேசலாம். அலுக்காவிட்டால், எந்த சீட்டுக்கும் முன்பணம் கட்டுவதற்குள் அந்த வரைபடத்தோடு அவளையும் அழைத்து வாருங்கள்.