கப் கணக்கில் சீஸ், கிராம் கணக்கில் டப்பா: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரு அமெரிக்க சீஸ்கேக் குறிப்பில் 2 கப் க்ரீம் சீஸ்னு இருக்கு. இங்கே டப்பாவெல்லாம் கிராமில்தான் கிடைக்குது. எவ்வளவு வாங்கணும்?

பதில்: அமெரிக்க கப் சுமார் 237 மி.லி. இடைவெளி இல்லாமல் நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிட்டால் க்ரீம் சீஸ் ஏறக்குறைய 230 கிராம் பிடிக்கும். இரண்டு கப்புக்கு 460. ஆனால் அந்த ஊரில் க்ரீம் சீஸ் கட்டியே 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். எழுதினவங்க மனசில் இருந்தது பெரும்பாலும் இரண்டு கட்டிதான். அதனால் 450 கிராம் போட்டாலும் கேக் ஒழுங்காகவே வரும். இரண்டு 200 கிராம் டப்பாவோடு நிறுத்திடாதீங்க.

கேள்வி: அப்போ 1 கப் = 8 அவுன்ஸ்னு எல்லா சீஸுக்கும் வெச்சுக்கலாமா?

பதில்: கூடாது. க்ரீம் சீஸ், மஸ்கார்போனே, காட்டேஜ் சீஸ் இவையெல்லாம் கிட்டத்தட்ட தண்ணீர் அளவே கனம் என்பதால் கணக்கு ஒத்துப்போகுது. உதிர்த்த ஃபெட்டா ஒரு கப் சுமார் 150 கிராம்தான். மிச்ச இடமெல்லாம் காற்று. கொஞ்சம் அமுக்கினால் அதே கப்பில் இன்னும் நிறைய இறங்கும். உதிர்க்கிற சீஸுக்குக் கப் அளவை நான் நம்புறதே இல்லை.

கேள்வி: கடையில் 'விப்ட்' க்ரீம் சீஸ்தான் இருந்தது. அதே அளவு போதுமா மேடம்?

பதில்: அதில் காற்று அடித்து ஏற்றியிருக்காங்க. சாதாரண க்ரீம் சீஸ் ஒரு டேபிள்ஸ்பூன் 14, 15 கிராம் வரும். இது 10 கிராம்தான். கப்பால் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைஞ்சுடும். பிரெட்டில் தடவிக்கோங்க, சீஸ்கேக்குக்கு வேண்டாம்.

கேள்வி: ரிக்கோட்டாவுக்குப் பதிலா வீட்டுப் பனீர் போடலாமா? கப்புக்குக் கப்பா?

பதில்: போடலாம், ஆனால் எடைக்கு எடை. முழுப்பால் ரிக்கோட்டா ஒரு கப் சுமார் 245 கிராம். அதில் ஈரம் அதிகம். பாலைத் திரித்து வடிகட்டினதும் மேலே கனம் வைக்காமல், ஈரத்தோடு இருக்கும்போதே எடுத்துடுங்க. கட்டியாகிவிட்ட பனீர்னா கொஞ்சம் பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. பாலும் சேர்ந்துதான் 245 வரணும்.

இன்னொண்ணு. குறிப்பில் 'வடிகட்டிய ரிக்கோட்டா 1 கப்' என்றிருந்தால் வடித்த பிறகு அளக்கணும். '1 கப் ரிக்கோட்டா, வடிகட்டியது' என்றிருந்தால் அளந்துவிட்டு வடிக்கணும். சமையல் குறிப்பில் அந்தக் காற்புள்ளியைக் கவனிக்காம விட்டால் லசான்யா தண்ணியாகலாம், இல்லை வறண்டும் போகலாம்.

கேள்வி: ஆஸ்திரேலியக் குறிப்புக்கும் இதே கணக்குதானா?

பதில்: அங்கே கப் 250 மி.லி., க்ரீம் சீஸ் 240 கிராம் தாண்டும். கப்பைவிட டேபிள்ஸ்பூன்தான் ஏமாத்தும்: அங்கே 20 மி.லி., அமெரிக்காவில் 15. மூன்று டேபிள்ஸ்பூன் மஸ்கார்போனே என்றால் ஒரு முழு அமெரிக்க ஸ்பூன் வித்தியாசம் வந்துடும்.

கேள்வி: என்கிட்ட தராசே இல்லையே அக்கா, கால் கப் க்ரீம் சீஸுக்கு என்ன செய்ய?

பதில்: கால் கப் சுமார் 58 கிராம். டப்பாவில் எடை அச்சிட்டிருக்கும். 200 கிராம் டப்பாவில் மேலே கத்தியால் கூட்டல் குறி போட்டு நாலாப் பிரிங்க. ஒரு பங்கு 50 கிராம். அதோடு அரை டேபிள்ஸ்பூன் சேர்த்தால் சரியா வரும்.