அண்ணனிடம் பேச்செடுத்தாலே சண்டை

கேள்வி: எங்கள் தாயாரைக் கவனித்துக்கொள்வது பற்றிப் பேச்செடுத்தாலே என் அண்ணன் எப்போதும் குரலை உயர்த்துகிறார், பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். எப்போதும் தாம் சொல்வதே சரி என்பார். உறவும் முறியாமல், என் நியாயத்தையும் விட்டுக்கொடுக்காமல் அவரிடம் எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் சிறிய கடிதத்திலேயே ‘எப்போதும்’ என்ற சொல் இருமுறை வந்துவிட்டது. குறை கூறவில்லை, மனம் புண்பட்ட எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அதே சொல்லை அண்ணனிடம் நேரில் சொன்னால், அவர் தாயாரை மறந்துவிட்டு, தாம் பொறுமையாகக் கேட்ட ஏதோ ஒரு நாளைத் தேடியெடுத்து வாதாடத் தொடங்குவார். ‘நேற்று நான் பேசி முடிப்பதற்குள் எழுந்துவிட்டீர்கள்’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில் ஒரு பயிற்சியைக் கூறினார்: வாக்குவாதத்தின்போது, எதிரில் இருப்பவர் சொன்னதையும் அதிலுள்ள உணர்வையும், அவரே ‘ஆம், அதுதான்’ என்று ஏற்கும்படி திருப்பிச் சொன்ன பிறகே நம் கருத்தைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்து பார்க்கும்போதுதான், அவர் பேசிய நேரமெல்லாம் நாம் பதிலைத் தயாரித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியவரும். ‘செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுமோ என்று அஞ்சுகிறீர்கள், அப்படித்தானே அண்ணா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘செலவைப் பற்றி யார் பேசினார்? என்னைக் கேட்காமல் நீயே முடிவெடுத்துவிடுகிறாய்’ என்று அவர் சீறினாலும் அது தோல்வியன்று. சண்டையின் உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அதை நீங்கள் புரிந்துகொண்டதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. அவர் மனத்தைத் திருப்பிச் சொன்ன பிறகும், ‘இதில் எனக்குச் சம்மதமில்லை’ என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

இருவருக்கும் நெஞ்சு படபடக்கும் நேரத்தில் இந்தப் பயிற்சி பலிக்காது. தம்பதியரின் சண்டைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், அத்தகைய வேளையில் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்கிறார். உடன்பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் மீண்டும் எப்போது பேசுவது என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொல்லாமல் எழுந்து போனால் எப்படி வலிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அவர் இழிவாகத் திட்டினாலோ மிரட்டினாலோ இவ்வளவு பொறுமை தேவையில்லை. இருவரும் மதிக்கும் உறவினர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.