போர்வெல் நோட்டும் பொறியியல் சீட்டும்

போன மாதம் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், கூடவே அம்மாவின் தம்பி. அவருக்குப் பெங்களூரில் ஐடி வேலை. நால்வரில் அதிகம் பேசியவரும் அவர்தான்.

"சார், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் பேசி வச்சாச்சு. நீங்க இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொன்னாப் போதும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டலோடு சேர்த்து நாலு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் என்று கணக்கு. அதற்காக ஒரு ஏக்கர் நிலத்தை அடகு வைப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பதற்றப்படாதீர்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வழி கிடைக்கும் என்று வழக்கம்போல நாலு வார்த்தை சொன்னேன். அதோடு ஆறுதல் போதும் என்று நிறுத்திவிட்டேன்.

மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீயா உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராமாவது எழுதிப் பார்த்திருக்கியாம்மா?" இல்லை என்று தலையாட்டினாள். "சரி, யாரும் சொல்லாம நீயா செஞ்ச வேலை ஏதாவது உண்டா?" கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அதில் அவள் ஊரின் 14 போர்வெல்கள் இருந்தன. எந்த வருடம் போட்டது, எத்தனை அடி, எத்தனை அடியில் முதல் தண்ணீர், கோடையில் வற்றுமா, குடித்தால் என்ன ருசி. பள்ளி அறிவியல் ஆசிரியர் கொடுத்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டு முறை அளந்திருக்கிறாள், மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும் பல்லில் ஏன் பழுப்புக் கறை? எனக்கு ஏன் இல்லை?"

"இதெல்லாம் பொழுதுபோக்கு சார்," என்றார் மாமா.

அந்த இடத்தில்தான் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்தக் கடைசிப் பக்கக் கேள்வி பொழுதுபோக்கு இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதலாக இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் இருக்கும் கனிமங்கள் தண்ணீரில் மெல்லக் கரைவதால் வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஃப்ளூரைடால் வரும் இந்தப் பாதிப்புக்குப் பெயர் ஃப்ளூரோசிஸ், அந்தத் திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பாட்டி வளர்ந்தது போர்த் தண்ணீரில், பேத்தி வளர்ந்தது குழாய்த் தண்ணீரில். மீட்டரில் உப்பைத்தான் அளக்க முடியும், ஃப்ளூரைடு அதில் தெரியாது. ஆனால் யாரும் சொல்லித்தராமல் சரியான கேள்வியின் வாசல் வரை வந்துவிட்டாள்.

நீட், பொறியியல் கலந்தாய்வு, எந்தக் கல்லூரியில் எந்தக் கட் ஆஃப் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விடுவோம். இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது ஜியாலஜி. "ஜியாகிரபியா?" என்றார் அம்மா. பாதிப் பெற்றோர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஜியாகிரபி புவியியல். இது நிலவியல்: பாறை, மண், அதற்குள் ஓடும் தண்ணீர், மலைச்சரிவு, நில அதிர்ச்சி. அதிலும் நிலத்தடி நீரைப் படிக்கும் நீர்நிலவியல் என்ற கிளை. இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

"கல்லுல என்ன சார் படிப்பு இருக்கு?" என்றார் மாமா. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் கருங்கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயராலேயே சார்னாக்கைட் என்று அந்தப் பாறை வகைக்குப் பெயர் வைத்தார். உலகம் முழுக்க இன்றும் அந்தப் பெயர்தான். மாமா ரசித்த மாதிரி தெரியவில்லை. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. "அடியில ஆறு ஓடுது" என்பார்கள். ஆறெல்லாம் இல்லை. மேலே சிதைந்த பாறை கொஞ்சம் ஆழத்துக்கு இருக்கும், தண்ணீர் அதில் ஊறி நிற்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் உண்டு, இல்லாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் புகைதான். அந்த வெடிப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நம் ஊரில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நீர்நிலவியலாளர் நிலத்தில் நாலு கம்பி அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் அளப்பார். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்தின் கதை கிடைக்கும். தண்ணீர் ஊறிய பாறை மின்சாரத்தை எளிதில் விடும், கெட்டிப் பாறை விடாது. இதுவும் நூறு சதவீதம் பலிக்காது. ஆனால் தவறினால் ஏன் தவறியது என்று உட்கார்ந்து பார்க்க முடியும். தேங்காயிடம் அதைக் கேட்க முடியாது.

போர் வண்டி ஓடும் இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். மற்றவர்கள் தண்ணீர் வருகிறதா என்று குழாய் வாயையே பார்ப்பார்கள். நீர்நிலவியலாளரின் கண் வெளியே வந்து விழும் தூளில் இருக்கும். குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி எடுத்து, கழுவி, தரையில் சின்னச் சின்னக் குவியலாக வரிசையாக வைப்பார். முதல் குவியல் செம்மண், அப்புறம் பழுப்பு, அப்புறம் சாம்பல், நடுவில் வெங்கச்சாங்கல் துண்டு பளிச்சென்று தெரியும். வறண்ட புழுதி திடீரென்று ஈரமானால் அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்வார். தண்ணீர் வந்ததும் 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே விட்டு அளவெடுப்பார். இந்தப் பெண்ணின் நோட்டில் "எத்தனை அடியில் முதல் தண்ணீர்" என்று ஒரு கட்டம் இருந்ததே, இந்த வேலையின் அரிச்சுவடி அது.

பிறகு பம்பிங் டெஸ்ட். மோட்டாரை ஒரே சீராக ஓடவிட்டு, கிணற்று நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று முதலில் நிமிடத்துக்கு ஒரு தரம், அப்புறம் இடைவெளி விட்டு விட்டு அளக்க வேண்டும். நிறுத்திய பிறகு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதையும் அளக்க வேண்டும். ராத்திரி முழுக்க டார்ச்சும் டேப்பும் கொசுவுமாகப் போகும். ஒரு ஊரின் பாறை எவ்வளவு தண்ணீரை விட்டுக்கொடுக்கும் என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. ஒரு குறுவட்டத்தில் வருடத்துக்கு ஊறும் தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 100ஐத் தாண்டினால் மிகைச் சுரண்டல் என்று அரசு வகைப்படுத்துகிறதே, அந்தக் கணக்குக்கு அடியில் இருப்பது இப்படி யாரோ ஒருவர் கிணற்றடியில் விழித்திருந்து எழுதிய எண்கள்தான்.

வழி என்ன? நிலவியல் பி.எஸ்சி. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. இவள் ஊருக்குச் சேலம் பக்கம். படிப்பில் ஒரு பகுதி வெளியில்தான். சுத்தியல், பத்து மடங்கு லென்ஸ், பாறைப் படுகையின் சாய்வை அளக்கும் திசைகாட்டி. சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கூட்டிப்போவார்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம் அது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் அதை உலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சை மாவட்டத்துக்காரர். பிற்பாடு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானார், முதல் இந்தியராக.

ஆனால் பி.எஸ்சி. மட்டும் போதாது. இதை மறைத்துச் சொல்லிச் சேர்க்கிறவர்களை நம்பாதீர்கள். எம்.எஸ்சி. கட்டாயம். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், புதுச்சேரி என்று பக்கத்திலேயே இருக்கிறது. ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் நிலவியலுக்குத் தனித் தாள் உண்டு. ஐஐடி என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார், பரவாயில்லை.

அதற்கு அப்புறம் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு நிலவியலாளர், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு விஞ்ஞானி, இரண்டும் குரூப் ஏ பதவி. வயது 21 முதல் 32, இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி. முதல்நிலை 400 மதிப்பெண், முதன்மை 600, நேர்முகம் 200. எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. தாள்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் படித்த பிள்ளைகள் முதல் வருடத்திலிருந்தே விடைகளை ஆங்கிலத்தில் எழுதிப் பழகாவிட்டால் கடைசியில் அங்கேதான் சறுக்குகிறார்கள். காலியிடங்களும் ஒரே சீராக இருக்காது. ஒரு வருடம் நூறுக்கு மேல், இன்னொரு வருடம் அதில் பாதிகூட இருக்காது. அதனால் அந்த ஒன்றை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி நிலவியலாளர் பணி இருக்கிறது. சுரங்கம், சிமென்ட், மெட்ரோ சுரங்கப்பாதை வேலைகளிலும் நிலவியலாளர் தேவை. நீலகிரியில் 2009இல் மண் சரிந்ததையும் வயநாட்டில் 2024இல் மலையே இறங்கியதையும் பார்த்தோம். எந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடம் போடுவதும் இதே படிப்புக்காரர்கள்தான்.

"பொம்பளப் பிள்ளை காடு மலைன்னு சுத்துமா சார்?" அப்பா முதன்முதலாக வாய் திறந்து கேட்டது இதுதான். சுற்றும். ஷில்லாங்குக்கோ ஜெய்ப்பூருக்கோ கூடப் போட்டுவிடுவார்கள், மாதக்கணக்கில் களத்தில் இருக்க வேண்டிவரும். அது கஷ்டம்தான், அதை நான் மழுப்பவில்லை. ஆனால் தனியாகச் சைக்கிளில் போய் 14 போர்வெல்லை அளந்தவளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று திருப்பிக் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார்.

பணத்தைப் பற்றிக் கறாராகவே சொன்னேன். நிலத்தை அடகு வைக்காதீர்கள். அரசு கலைக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரம்தான். ஹாஸ்டல், பஸ், களப் பயணச் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஐந்து வருடப் படிப்பு அந்தப் பன்னிரண்டு லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. கம்ப்யூட்டர் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கோட் எழுதிக்கொண்டிருக்கும் பையனுக்கு அதைத்தான் சொல்வேன். விருப்பமே இல்லாத பெண்ணுக்கு, பெயர் மட்டும் புதிதாக இருக்கும் பிரிவில், கடன் வாங்கி சீட் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாமா நல்லவர், அக்கா மகள் மேல் பாசம். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

இன்னொன்று, மகளுக்கு. நோட்டு இருக்கிறது என்பதற்காக நீ விஞ்ஞானி ஆகிவிடவில்லை. இந்தக் கோடையில் பக்கத்தில் எங்கே போர் ஓடினாலும் போய் நில். தூளைக் குவியலாக எடுத்து வை. முழு நாள் வெயிலில் நின்ற பிறகும் மறுநாள் போகத் தோன்றினால் மட்டும் ஜியாலஜியைப் போடு. தோன்றவில்லை என்றால் என்னிடம் வா, வேறு பேசலாம்.

பதினெட்டு நாள் கழித்து அப்பா போன் செய்தார். இரண்டு போர் பார்த்திருக்கிறாளாம், ஒன்றில் தண்ணீர் இல்லை. அரசு கலைக் கல்லூரி விண்ணப்ப இணையதளத்தில் சேலத்தை முதலாவதாகப் போட்டாகிவிட்டது. சுத்தியல் வாங்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது கல்லூரியிலேயே இருக்கும், பத்து மடங்கு லென்ஸ் ஒன்று மட்டும் வாங்கிக்கொடுங்கள் என்றேன்.