கிளவுடில் ஓடும், சரி. சப்போர்ட் யார் தருவார்? வட ஆற்காட்டுக் கேள்விகளும் பதில்களும்

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர் என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியவை: ஒரு கம்பெனியின் மென்பொருளை இன்னொரு கம்பெனியின் கிளவுடில் போடுகிறோம், நாளைக்குப் படுத்துவிட்டால் யாரைக் கேட்பது? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

சார், எங்கள் தொழிற்சாலையில் எஸ்ஏபி கம்பெனியின் நிர்வாக மென்பொருளான இசிசி ஓடுகிறது. அதன் அடுத்த தலைமுறையான எஸ்/4 ஹானாவுக்கு மாறும்போது கிளவுடுக்குப் போகலாம் என்று முடிவு. அதன் டேட்டாபேஸான ஹானாவுக்கு ‘சர்டிஃபைடு’ மெஷின்தான் எடுக்க வேண்டும் என்கிறார் கன்சல்டன்ட். அதே அளவு மெமரியில் விலை குறைந்த மெஷின் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன? (ராணிப்பேட்டை)

எடுக்கலாம், இன்ஸ்டாலும் ஆகும், ஓடவும் ஓடும். பிரச்சினை வந்து டிக்கெட் (சப்போர்ட்டுக்குப் புகார்) போடும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். புரொடக்‌ஷனில் (அன்றாட வேலை நடக்கும் சிஸ்டத்தில்) ஹானா ஓட வேண்டிய மெஷின் வகைகளை எஸ்ஏபி ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. ஹானா ஹார்டுவேர் டைரக்டரி என்று தேடினால் கிடைக்கும், லாகின் இல்லாமலே யாரும் பார்க்கலாம். அதில் உங்கள் மெஷின் இல்லை என்றால், ‘பட்டியலில் உள்ள மெஷினில் இதே பிரச்சினையைக் காட்டுங்கள்’ என்று பதில் வரும். மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு முடிக்க வேண்டிய ராத்திரி அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பலர் கவனிக்காத விஷயம், சான்று மெஷினின் பெயருக்கு மட்டும் கிடையாது. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதில் எந்த வெர்ஷன், டிஸ்க் எந்த வகை, எப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஹானா சூஸே லினக்ஸிலும் ரெட் ஹாட் லினக்ஸிலும் மட்டும்தான் ஓடும். மெஷின் சரி, லினக்ஸ் சரி, ஆனால் லாக் எழுதும் டிஸ்க்கை மலிவாகப் போட்டுவிட்டால் அந்த அமைப்பு சான்றுக்கு வெளியே போய்விட்டது.

ஹானா அல்லாத எஸ்ஏபி மென்பொருள்களுக்கு ஒவ்வொரு கிளவுடுக்கும் தனி நோட் (எஸ்ஏபியின் எண் போட்ட சப்போர்ட் குறிப்பு) உண்டு: அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 1656099, மைக்ரோசாஃப்டின் அஷூருக்கு 1928533, கூகுள் கிளவுடுக்கு 2456432. இவற்றைப் பார்க்க எஸ்ஏபி லாகின் வேண்டும், உங்களிடம் இருக்கும். கூடவே 1656250 என்ற நோட்டையும் படியுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் எஸ்ஏபி ஓட்டினால் சப்போர்ட் கிடைக்க என்னென்ன நிபந்தனை என்று அதில் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸிடம் பிஸினஸ் அல்லது அதற்கு மேற்பட்ட சப்போர்ட் பிளான் வாங்கியிருக்க வேண்டும், மெஷின் நிலவரத்தை எஸ்ஏபிக்குத் தரும் அவர்களுடைய டேட்டா புரொவைடரை மெஷினில் போட்டிருக்க வேண்டும். இலவச பிளானில் இருந்துகொண்டு எஸ்ஏபியிடம் போனால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கன்சல்டன்ட் தரும் பட்ஜெட்டில் இந்த பிளானுக்கான தொகை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ரீஜனையும் (கிளவுடின் டேட்டா சென்டர் இருக்கும் பகுதி) பாருங்கள். நம் ஊருக்குச் சென்னைதான் பக்கம் என்று அஷூரின் சென்னை ரீஜனை எடுக்கத் தோன்றும். எல்லா மெஷின் வகையும் எல்லா ரீஜனிலும் கிடைக்காது. பட்டியலில் உள்ள மெஷின் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டெவலப்மென்ட், டெஸ்ட் சிஸ்டங்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. செலவைக் குறைக்க நினைத்தால் அங்கே குறையுங்கள்.

அவசரப்படவும் வேண்டாம். இசிசி 6.0வில் என்ஹான்ஸ்மென்ட் பேக் (கூடுதல் வசதித் தொகுப்பு) 6 முதல் 8 வரை இருந்தால் வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரை உண்டு. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் 2025 கடைசியோடு முடிந்தது.

அண்ணே, நாங்கள் தோல் ஏற்றுமதி. ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன், சொந்த சர்வரில் 8 கோர். லைசென்ஸ் நான்கு வைத்திருக்கிறோம். அப்படியே கிளவுடுக்குத் தூக்கிப் போகலாம்தானே? (ஆம்பூர்)

பாய், இங்கேதான் கணக்கு மாறுகிறது. சொந்த சர்வரில் இன்டெல் கோர் ஒன்றுக்கு 0.5 என்று ஆரக்கிளின் கோர் ஃபேக்டர் அட்டவணை கொடுக்கும், அதனால் 8 கோருக்கு 4 லைசென்ஸ். கிளவுடில் அந்த அட்டவணை செல்லாது. ஆரக்கிள் ஏற்றுக்கொண்ட வெளிக் கிளவுடுகளில், ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோர் இரண்டாகக் கணக்காவது) இருந்தால் இரண்டு விசிபியுவுக்கு (கிளவுடில் சிபியுவை அளக்கும் அலகு) ஒரு லைசென்ஸ். உங்கள் 8 கோருக்கு நிகரானது 16 விசிபியு, அதற்கு 8 லைசென்ஸ். அதே வேலை, அதே வேகம், லைசென்ஸ் மட்டும் இரட்டிப்பு. கையில் உள்ள நான்கை வைத்து 8 விசிபியுதான் எடுக்க முடியும்.

முதலில் உங்கள் சர்வரில் சிபியு உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு மாதம் அளந்து பாருங்கள். பழைய பெட்டியில் 8 கோர் இருந்ததாலேயே புதிதிலும் அவ்வளவு வேண்டும் என்றில்லை. ஆரக்கிளின் சிறிய பதிப்பான ஸ்டாண்டர்டு எடிஷன் 2 போதுமா என்றும் யோசியுங்கள். அதில் 4 விசிபியு வரை ஒரு சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்) கணக்கு, 8 விசிபியுவுக்கு இரண்டு. 8க்கு மேற்பட்ட மெஷினில் அதைப் போடவே உரிமை கிடையாது.

லைசென்ஸ் வேறு, சப்போர்ட் வேறு. ஆர்ஏசி (ஒரே டேட்டாபேஸைப் பல மெஷினில் சேர்த்து ஓட்டும் வசதி) போட்டு இரண்டு மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தால் லைசென்ஸ் எத்தனை இருந்தாலும் வெளிக் கிளவுடில் நீங்களே மெஷின் எடுத்து ஆர்ஏசி போடுவதை ஆரக்கிள் ஆதரிப்பதில்லை. டேட்டா கார்டு (டேட்டாபேஸுக்கு மாற்றுப் பிரதி வைக்கும் ஆரக்கிள் வசதி) வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மருத்துவமனை மென்பொருள் ஆரக்கிளில் ஓடுகிறது. பேட்ச், பேக்கப் தொல்லை வேண்டாம் என்று ஏடபிள்யூஎஸ்ஸே டேட்டாபேஸைப் பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ்ஸுக்கு மாற நினைத்தோம். மென்பொருள் கொடுத்தவர் ‘அங்கே போட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்கிறார். வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறாரா? (வேலூர்)

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆர்டிஎஸ்ஸில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் நுழைய முடியாது, சிஸ்டிபிஏ (டேட்டாபேஸின் முழு நிர்வாகி) உரிமையும் கிடைக்காது. பழைய மென்பொருள்களின் அப்டேட் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் சிஸ்டிபிஏவாக நுழைந்து ஓட்டும்படிதான் எழுதப்பட்டிருக்கும். லேப் ரிசல்ட் ஃபைலை டேட்டாபேஸ் சர்வரின் ஃபோல்டரிலிருந்து நேராக எடுக்கும்படி எழுதியிருந்தால் அதுவும் நின்றுபோகும். இவையெல்லாம் அவர் இடத்தில் அவர் சோதித்துப் பார்க்காத வரை ‘ஆமாம்’ என்று சொல்வதுதான் தவறு.

‘எந்த எந்த வேலை ஆர்டிஎஸ்ஸில் நடக்காது?’ என்று எழுத்தில் கேளுங்கள். நான்கைந்து இனம் சொல்வார், அவற்றில் மாற்ற முடிந்தவை எவை, எப்போது என்று பேசலாம். காரணமே சொல்லாமல் ‘முடியாது’ என்று மட்டும் பதில் வந்தால்தான் முரண்டு. அதுவரை வெறும் மெஷின் எடுத்து டேட்டாபேஸை நீங்களே போடுங்கள். தொல்லைதான், ஆனால் நோயாளி வரிசையில் நிற்கும்போது போன் எடுக்க ஆள் இருப்பார்.

கல்லூரி சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். அப்படியே இமேஜ் எடுத்துக் கிளவுடில் ஏற்றிவிட்டோம். நன்றாக ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா? (காட்பாடி)

ஆமாம். சென்ட்ஓஎஸ் 7க்கான பராமரிப்பு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. கிளவுட் நிறுவனம் மெஷினைத்தான் தருகிறது, உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அவர்கள் பொறுப்பல்ல. அதன்மேல் ஓடும் மென்பொருள்காரரும் முடிந்துபோன ஓஎஸ்ஸை அவருடைய பட்டியலிலிருந்து எடுத்திருப்பார்.

ரெட் ஹாட்டுக்குப் போவதானால் இரண்டு வழி. கிளவுடிலேயே மணிக்கணக்கில் காசு கொடுத்து எடுப்பது ஒன்று, ரெட் ஹாட்டிடம் சந்தா வாங்கிக்கொண்டு போய்ப் போடுவது இன்னொன்று. இரண்டிலும் மென்பொருள் ஒன்றுதான், டிக்கெட் போடும் இடம் வேறு. ஏடபிள்யூஎஸ்ஸில் மணிக்கணக்கில் எடுத்தால் முதலில் ஏடபிள்யூஎஸ்ஸிடம்தான் போக வேண்டும். சொந்தச் சந்தா என்றால் நேராக ரெட் ஹாட்டிடம். அப்புறம், ஆன்டிவைரஸுக்கோ பேக்கப்புக்கோ வெளிக் கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சேரும் துணுக்கு) ஏதாவது ஏற்றியிருந்தால் கர்னல் ‘டெயின்ட்’ (கலப்படம்) என்று பதிவாகும். கர்னல் கோளாறில் ரெட் ஹாட் முதலில் பார்ப்பது அதைத்தான்: மாட்யூலை எடுத்துவிட்டு மறுபடி வருகிறதா பாருங்கள் என்பார்கள்.

அண்ணா, லுங்கி மொத்த வியாபாரம். ‘டேலி ஆன் கிளவுட்’ என்று டேலி கணக்கு மென்பொருளை மாதம் சில நூறு ரூபாய்க்குத் தருகிறார்கள். ‘சர்டிஃபைடு’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (குடியாத்தம்)

யார் கொடுத்த சர்டிஃபிகேட் என்று கேளுங்கள் தம்பி. பேனரில் அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் போடலாம். டேலி லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறதா, அதன் சீரியல் நம்பர் உங்கள் கையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அவர்கள் தருவது விண்டோஸ் சர்வர் என்றால், அதில் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து அதன் திரையில் வேலை செய்வது) வழியாக நுழைய இயல்பாக இரண்டு பேருக்குத்தான் இடம், அதுவும் நிர்வாக வேலைக்கு. அதற்கு மேல் ஆள் ஏற ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். சில நூறு ரூபாயில் அது அடங்குகிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்று: 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி கணக்கு விதிப்படி மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும். சர்வர் எந்த நாட்டில் என்று எழுதி வாங்குங்கள். பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு இந்த விதி பொருந்தாது.

ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வு பாஸ் செய்திருக்கிறேன். இன்டர்வியூவில் ‘கம்பெனி பார்ட்னரா, புராடக்ட் சர்டிஃபைடா’ என்று கேட்டுக் குழப்பிவிட்டார்கள். (காட்பாடி, மாணவி)

மூன்றும் மூன்று. நீங்கள் வாங்கியது ஆளுக்கான சான்று. செலக்ட், அட்வான்ஸ்டு, பிரீமியர் என்பதெல்லாம் சேவை தரும் கம்பெனிக்கான படி. ஒரு மென்பொருள் ஒரு மேடையில் சரியாக ஓடும் என்பது மூன்றாவது. பிரீமியர் பார்ட்னர் வந்து போட்டாலும் பட்டியலில் இல்லாத மெஷினில் போட்டால் ஹானாவுக்கு சப்போர்ட் இல்லை. அடுத்த இன்டர்வியூவில் இந்த உதாரணத்தையே சொல்லுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பள்ளிக்கூட மென்பொருள் செய்கிறோம். ‘ஏடபிள்யூஎஸ் சர்டிஃபைடு’ என்று போட்டுக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? (சத்துவாச்சாரி)

அந்தப் பெயரிலேயே போடாதீர்கள். ஏடபிள்யூஎஸ் பார்ட்னராகப் பதிவு செய்து, ஃபவுண்டேஷனல் டெக்னிக்கல் ரிவ்யூ என்ற சோதனையை மென்பொருள் தாண்டினால் ‘குவாலிஃபைடு சாஃப்ட்வேர்’ என்ற முத்திரை கிடைக்கும். பாதுகாப்பு, பேக்கப், மீட்பு இவைதான் அதில் பெரிய பகுதி. ரூட் அக்கவுண்ட்டை (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) அன்றாட வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அங்கேயே நின்றுவிடும். ஏடபிள்யூஎஸ்ஸின் மென்பொருள் கடையான மார்க்கெட்பிளேஸில் பெயர் வந்துவிட்டதாலேயே எல்லா மெஷினிலும் எல்லா ஓஎஸ்ஸிலும் நன்றாக ஓடும் என்று ஏடபிள்யூஎஸ் உறுதி கொடுத்ததாகவும் ஆகாது.

முத்திரைக்கு முன்னால் உங்கள் சொந்த சப்போர்ட் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இதைச் செய்யாத சின்ன கம்பெனிகள்தான் பிற்பாடு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எல்லா வெர்ஷனையும் இலவசமாகத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. எந்த ஓஎஸ், எந்த டேட்டாபேஸ் வெர்ஷன்களில் நாங்களே சோதிக்கிறோம் என்று முதலில். அவை தவிர்த்த இடத்தில் முடிந்தவரை பார்ப்போம், உத்தரவாதம் இல்லை என்று அடுத்து. எதைத் தொடவே மாட்டோம் என்று கடைசியில். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முடியும் தேதி போடுங்கள். ‘போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எல்லா வெர்ஷனும்’ என்று எழுதினால் நாளை யாராவது பத்து வருடத்துக்கு முந்தையதோடு வந்து நிற்பார்.

அரசு டெண்டரில் ‘மெய்ட்டி எம்பேனல்டு கிளவுட்’ (மத்திய மின்னணு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள கிளவுட்) கேட்கிறார்கள். எம்பேனல்டு கிளவுடில் போட்டால் எங்கள் மென்பொருளுக்கும் சேர்த்து ஆகிவிடுமா? (ஆற்காடு)

ஆகாது. அந்தப் பட்டியல் கிளவுட் சேவைக்கு, அதை அந்த அமைச்சகத்தின் எஸ்டிகியூசி தணிக்கை செய்கிறது. உங்கள் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் தணிக்கை கேட்டிருந்தால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரிடம் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே கிளவுட் நிறுவனத்தின் எல்லாச் சேவையும் எம்பேனல் ஆகியிருக்காது, எது என்று பெயர் பெயராகப் பாருங்கள்.

மென்பொருள்காரர் கிளவுடைக் கை காட்டுகிறார், கிளவுட் ஓஎஸ்ஸைக் காட்டுகிறது, ஓஎஸ் மென்பொருளைக் காட்டுகிறது. மூன்று நாளாக நடு வீதியில் நிற்கிறோம். (வாணியம்பாடி)

ஒருவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் போகாதீர்கள். மூவரிடமும் ஒரே நாளில் டிக்கெட் போட்டு, ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் எண்ணை எழுதுங்கள். பெரிய வெண்டர்கள் பலர் டிஎஸ்ஏநெட் என்ற கூட்டமைப்பில் உறுப்பினர்கள். அதன் வழியாக ஒருவர் இன்னொருவரின் சப்போர்ட் ஆளை நேரடியாக அழைக்க முடியும். ‘டிஎஸ்ஏநெட் வழியாகச் சேர்ந்து பாருங்கள்’ என்று நீங்களே கேட்கலாம், கேட்காமல் அவர்களாகச் செய்வது குறைவு.

டிக்கெட்டில் இன்ஸ்டன்ஸ் ஐடி (கிளவுடில் உங்கள் மெஷினின் எண்), ரீஜன், ஓஎஸ், கர்னல், மென்பொருள் வெர்ஷன், அந்த வெர்ஷன் சேர்க்கை வெண்டரின் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற லிங்க், இவை முதல் செய்தியிலேயே இருக்கட்டும். பட்டியல் லிங்க் இருந்தால் ‘ஆதரிக்கப்படாத அமைப்பு’ என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப்போகும். கோளாறு நடந்த நேரத்தைப் போடும்போது ஐஎஸ்டியா (இந்திய நேரம்) யூடிசியா (உலகப் பொது நேரம்) என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பார்த்துவிட்டு ‘அப்போது பதிவு எதுவும் இல்லை’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.