பல்லைப் பார்த்த பிறகும்

வணக்கம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளின் சிபிஎஸ்இ ஆங்கிலத் துணைப்பாட நூலில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயனின் வெள்ளைக் குதிரைக் கதையைப் படித்தேன். இத்தனை நாள் இவரைத் தெரியாமல் இருந்தது வெட்கமாக இருக்கிறது. தேடிப்பார்த்தால், 'மிகையுணர்ச்சிக்காரர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?
– கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெட்கம் எதற்கு? அமெரிக்காவிலேயே இன்று அவரைப் படிப்பவர்கள் குறைவு. 1934இல் முதல் தொகுப்பு வந்ததுமே கொண்டாடப்பட்டவர். 1940இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, கலைக்குப் புரவலராக இருக்கும் தகுதி வணிகத்துக்கு இல்லை என்று வேண்டாமென்றார். பிறகு சூதாட்டம், கடன், கடனுக்காக அள்ளித் தெளித்த எழுத்து.

குற்றச்சாட்டு பாதி உண்மைதான். 1943இல் வந்த 'மனித நாடகம்' நாவலில் ஆளாளுக்கு உபதேசம் செய்வார்கள். அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிடுவேன். ஆனால் அதில்தான் இந்த இடமும் வருகிறது. தந்தி கொடுக்கும் பையன் ஹோமர் ஒரு மெக்சிகோ நாட்டுத் தாயின் கதவைத் தட்டுகிறான். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. போரில் மகன் இறந்த செய்தியை இவனே வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் அவனை உட்காரவைத்து, கள்ளிச்செடியில் செய்த மிட்டாயைத் தின்னச் சொல்கிறாள். சாவுச் செய்தி கொண்டுவந்த வாயில் இனிப்பு. மறுக்கவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சரோயனும் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் தந்திப் பையனாக ஓடியவர்தான். மூன்று வயது முடியுமுன் தந்தையை இழந்து, அநாதை விடுதியில் சில ஆண்டுகள் வளர்ந்தவர். உலகம் தெரியாமல் மனிதர்களை நல்லவர்கள் என்று எழுதியவரில்லை.

உங்கள் குதிரைக்கு வருகிறேன். அராம் என்ற சிறுவனும் அவனுடைய உறவுக்காரப் பையன் முராத்தும் ஓட்டித் திரிகிற அது திருட்டுக் குதிரை. உரிமையாளர் ஜான் பைரோ பையன்களை வழியில் பார்த்துவிடுகிறார். குதிரையின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகப் பார்க்கிறார். உங்கள் பெற்றோரை அறியாதிருந்தால் இது என் குதிரை என்றே சத்தியம் செய்வேன், அதன் இரட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் ஏமாளி என்றுதான் முதல் வாசிப்பில் நினைத்தேன். இல்லை. ஒரு சொல்கூடத் திட்டாமல், குடும்பத்தின் மானத்தை அந்தப் பையன்கள் தலையில் ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார் மனுஷன்! மறுநாள் விடியற்காலையில் குதிரை அவர் கொட்டிலில் நிற்கிறது.

அடுத்து 'என் பெயர் அராம்' தொகுப்பை முழுதாகப் படியுங்கள். அதற்கு முன் இந்தக் கதையின் கடைசிப் பத்தியை இன்னொரு முறை பாருங்கள். பைரோ அந்தக் குதிரை பூட்டிய வண்டியிலேயே வந்து இறங்குகிறார். குதிரை முன்னைவிட வலுவாகியிருக்கிறது, குணமும் தேறியிருக்கிறது என்று அராமின் அம்மாவிடம் சொல்கிறார்.