தீ தொலைவில் இருக்கும்போதே வெளியேறச் சொல்வது ஏன்?

காட்டுத்தீ பல கிலோமீட்டர் அப்பால் இருக்கையிலேயே மக்களை வெளியேற்றுவது மிகையான அச்சமல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். பலத்த காற்றில் எரியும் மரப்பட்டைத் துண்டுகள் தீயின் முகப்பைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். கூரையோர மழைநீர்க் குழாயில் சேர்ந்துகிடக்கும் ஒரு பிடிச் சருகில் அவற்றுள் ஒன்று விழுந்தாலே வீடு பற்றிக்கொள்ளும். அதைவிடக் கொடியது, எல்லோரும் கடைசி நேரத்தில் கிளம்பிச் சாலை அடைபட்டு, வாகனங்கள் புகைக்குள் நின்றுவிடுவது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் உயிரிழந்தனர். ஆயத்தத்துடன் வீட்டிலேயே இருந்து காப்பது, இல்லையேல் முன்கூட்டியே கிளம்புவது என்று அதுவரை சொல்லப்பட்டுவந்த அறிவுரை அதன்பின் மறுஆய்வுக்கு உள்ளாகி, தீ அபாய அளவுகோலில் எல்லாவற்றுக்கும் மேலான ஒரு படி சேர்க்கப்பட்டது. அந்தப் படி அறிவிக்கப்படும் நாளில் முன்னதாகவே வெளியேறுவதுதான் பாதுகாப்பு.

தீ அணைந்தபின்னும் அரசின் வேலை முடிவதில்லை. கடும் வெப்பத்தில் வெந்த மண் நீரை எளிதில் உறிஞ்சாது. கலிஃபோர்னியாவின் மான்டெசிட்டோவில் 2018 ஜனவரியில், முந்தைய மாதம் எரிந்த மலைச்சரிவில் கொட்டிய மழை சேற்றுப் பெருக்காக இறங்கி 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. எனவேதான் கனமழை எச்சரிக்கை வரும்போது, எரிந்த சரிவின் கீழே வசிப்பவர்களை மறுபடியும் இடம்பெயரச் சொல்கிறார்கள். அலுப்பாக இருந்தாலும் அப்போதும் தயவுசெய்து கிளம்பிவிடுங்கள்.