திக்கிப் பேசுகிறவர் ஸ்பீச் தெரபி படிக்கலாமா?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு வந்த கடிதங்களில் பலவும் பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பைப் பற்றியவை. காது கேட்டலைப் பரிசோதிக்கவும் பேச்சுச் சிகிச்சை (ஸ்பீச் தெரபி) தரவும் கற்றுத்தரும் இளநிலைப் பட்டப்படிப்பு இது. 1994-ல் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்கு அதைப் படிக்கத்தான் போனேன். அப்போது அதற்குப் பெயர் பி.எஸ்சி. பேச்சு மற்றும் கேட்டல். படித்து முடித்த நாளிலிருந்து இதே வேலைதான். அதனால் இந்த இதழை இந்தப் படிப்புக்கே ஒதுக்கிவிட்டேன்.

மகளுக்கு நீட்டில் மதிப்பெண் போதவில்லை. உறவினர் ஒருவர் பி.ஏ.எஸ்.எல்.பி. சேர்க்கச் சொல்கிறார். "நாலு வருஷம் படிச்சுட்டு காது மெஷின் விக்கிற வேலைதானே" என்கிறார் அவள் அப்பா. உண்மையில் இது என்ன படிப்பு?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

அம்மா, மூன்று வருடம் வகுப்பும் கிளினிக்கும், அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிக்கிற ஆடியாலஜி, பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் வரும் சிக்கல்களைச் சரிசெய்கிற ஸ்பீச் தெரபி, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போனவர், தொண்டை கட்டிக்கட்டிக் குரலே மாறிப்போன ஆசிரியை, உதட்டுப்பிளவு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை எல்லோரும் இவர்களிடம்தான் வருவார்கள். காது மெஷினும் உண்டு. ஆனால் அதைப் பொருத்திவிட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அதை உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் குழந்தை, மூன்று வயது. சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி இசைகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று தெரிந்து மெஷின் போட்டாயிற்று. மெஷினோடு எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும். "சத்தம் கேட்டால் கையைத் தூக்கு" என்று அவனிடம் சொல்ல முடியுமா? அதனால் விளையாட்டாகச் செய்வோம். மரக்கட்டை ஒன்றைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் வந்ததும் அதை வாளியில் போட வேண்டும்.

என்னிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த பெண் அறைக்குள் அவன் எதிரே உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சத்தம் கொடுத்துக் கேட்கும் திறனை அளக்கிற ஆடியோமீட்டரில். முதல் இரண்டு நாளும் சரியாகப் போடுவதுபோல் இருந்தது, ஆனால் எனக்குச் சந்தேகம். மூன்றாவது நாள் கண்ணாடி வழியாக அவளையே கவனித்தேன். சத்தம் வரும்போதெல்லாம் அவள் புருவம் துளி ஏறுகிறது. பையன் அதைப் பார்த்துத்தான் கட்டையைப் போட்டிருக்கிறான்! காது கேட்காத பிள்ளைக்குக் கண் அவ்வளவு கூர்மை. மறுநாள் அவளை அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு குனிந்திருக்கச் சொன்னேன். 500 ஹெர்ட்ஸில் ஒரு சத்தம் கொடுத்தேன். கட்டை கன்னத்தருகே அப்படியே நின்றது. எனக்கும் மூச்சு நின்றது. அப்புறம் வாளியில் விழுந்தது. யாரும் சொல்லாமலே அடுத்த கட்டைக்குக் கை நீட்டினான்.

அதோடு முடியவில்லை. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை, உதட்டைப் படித்துவிடாதபடி வாயை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்போம். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஆ, ஊ, ம் மூன்றுக்கும் கட்டை விழுந்தது. ஸ்-க்கு விழவில்லை. அப்படியானால் உயர்ந்த சுருதி ஒலிகள் அவனுக்குப் போய்ச் சேரவில்லை, மெஷினின் அமைப்பை மாற்ற வேண்டும். முதல் வருடத்தில் ஒலியின் இயற்பியலை ஏன் படிக்கச் சொன்னார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்கும். அடுத்த வாரம் அவன் அம்மா வந்து சொன்னார்: கோயில் மணிச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டில் போட்டானாம்.

நீட் இதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். மைசூருக்குத் தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆனால் அம்மா, டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைச் சுமந்துகொண்டு அவளை அனுப்பாதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள் முதல் வருடமே சோர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பெரிய அரசு மருத்துவமனைகளில், குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கும். அனுமதி வாங்கி, ஸ்பீச் தெரபி அறையில் ஒரு நாள் முழுக்க அவளை உட்காரச் சொல்லுங்கள். ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்லிக்கொடுப்பதைப் பார்த்த பிறகும் மறுநாள் போக வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகச் சேருங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். என் பெயரைச் சொல்வதற்குள் முகம் சிவந்துவிடும். எனக்கு ஸ்பீச் தெரபி படிக்கத்தான் ஆசை. "உனக்கே பேச வராது, நீ யாருக்குச் சொல்லிக்கொடுப்பே" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சேரலாமா?
- பிளஸ் டூ மாணவர், திண்டிவனம்

தம்பி, சேரலாம். சேர வேண்டும் என்றே சொல்வேன்.

அமெரிக்காவில் திக்குவாய் சிகிச்சையை வளர்த்தெடுத்த இருவரை எங்களுக்குப் பாடத்தில் சொல்லித்தந்தார்கள்: சார்லஸ் வான் ரைப்பர், வெண்டெல் ஜான்சன். இருவருமே திக்கிப் பேசியவர்கள். திக்கவே கூடாது என்று வான் ரைப்பர் யாரையும் விரட்டவில்லை. பயமில்லாமல், தாடையை இறுக்காமல், லேசாகத் திக்கப் பழக்கினார். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டால் அதை முடித்துவிட்டுச் சற்று நிறுத்தி, அதே சொல்லை மெதுவாக மறுபடி சொல்லவைப்பார். தன் தொண்டையிலேயே அனுபவித்தவருக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மைசூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கடைத்தெருவுக்குப் போய் வேண்டுமென்றே திக்கிப் பேசிவிட்டு வர வேண்டும். நான் தோழியோடு தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனேன். பூ விற்கிற அம்மாவிடம் "ம... ம... மல்லிகெ" என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவரே முடித்தார். அடுத்து விலை கேட்கத் திக்கினேன். அவர் என் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, பக்கத்தில் சும்மா நின்ற தோழியிடம் விலையைச் சொன்னார். கெட்ட மனசு ஒன்றும் இல்லை, எனக்கு உதவுவதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் காசு கொடுத்ததும் பூ வாங்கியதும் நான், பேச்சு முழுக்க அவளோடு. விடுதிக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. நான் ஐந்து நிமிடம் பட்டதை நீங்கள் பள்ளி வருகைப்பதிவிலிருந்து பேருந்து டிக்கெட் வரை தினமும் படுகிறீர்கள். அதனால் நோயாளி ஒருவர் சொல்லில் சிக்கி நிற்கும்போது, நீங்கள் அவசரப்பட்டு அதை முடித்துவைக்க மாட்டீர்கள். அதைத்தான் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

சிரமம் இருக்காது என்று சொல்ல மாட்டேன். வாய்மொழித் தேர்வு உண்டு, பெற்றோரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும், தொலைபேசியில் பேச வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்ததும் "நான் திக்கிப் பேசுவேன், கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். மறைக்க மறைக்கத்தான் திக்கு கூடும். வீட்டில் சிரிக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இந்தப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் என்கிறார்கள். தாக்குப்பிடிக்க முடியுமா?
- மாணவி, நிலக்கோட்டை

முதல் ஆறு மாதம் கஷ்டம். உடற்கூறியல், ஒலியியல், மொழியியல், உளவியல் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். நானும் தமிழ் வழிதான். காக்லியா (உட்காதில் நத்தை ஓடுபோல் இருக்கும் உறுப்பு) என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் பழகவே ஒரு நாள் ஆனது.

ஆனால் ஒலிகளின் பிறப்பிடத்தைச் சொல்லித்தரும் வகுப்பு வரும்போது நீ முன்வரிசையில் உட்கார். நம் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லி, எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே படுகிறது என்று விளக்குகிறது. பள்ளியில் வல்லினம், மெல்லினம், இடையினம் படித்த பிள்ளைக்கு அந்த வகுப்பில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும்.

கிளினிக்கில் ஆங்கிலம் உதவாது, தமிழ்தான் வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தில் நெடில் குறில் பயிற்சி இருக்காது. கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்கு 'கல்', 'கால்', 'படம்', 'பாடம்' என்று படம் வரைந்து நீதான் தயாரிக்க வேண்டும். வலி, வளி, வழி மூன்றையும் காதால் பிரித்துக் கேட்க முடியாத ஒருவரால் அவற்றை ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அப்புறம் மதுரைக்காரப் பாட்டி பக்கவாதத்துக்குப் பிறகு 'வெஞ்சனம்' (சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி) என்ற சொல்லைத் தேடித் தவிக்கும்போது, அவர் தேடுவது அந்தச் சொல் என்று உனக்குத்தான் தெரியும். உன் ஊர்ப் பேச்சை விட்டுவிடாதே, அம்மா.

விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன், ஸ்பீச் அண்ட் ஹியரிங் மூன்றும் ஒரே வகையா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எல்லாம் ஒரே கல்லூரியில் இருக்கிறதே.
- வாசகர், ஓசூர்

அங்கே அப்படித்தான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல், வானொலி-தொலைக்காட்சி-திரைப்படம், பேச்சு மற்றும் கேட்டல் அறிவியல் மூன்றும் ஒரே கம்யூனிகேஷன் கல்லூரியின் துறைகள். மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்த துறைகளிலிருந்து பேச்சுச் சிகிச்சையும் அங்கே கிளைத்து வந்ததால் இப்படி. நம் நாட்டில் விஸ்காம் கலை அறிவியல் கல்லூரியில் இருக்கும், பி.ஏ.எஸ்.எல்.பி. பெரும்பாலும் மருத்துவமனையை ஒட்டி இருக்கும். ஒன்றில் சேர்ந்துவிட்டு நடுவில் மற்றதுக்கு மாற முடியாது. கேமரா மேல் ஆசை உள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஆடியோமீட்டர் முன்னால் உட்காரவைக்காதீர்கள்.

வேலை வாய்ப்பு எப்படி? இளநிலையோடு நிறுத்தலாமா?
- மாணவர் மூவர், காரைக்குடி

இளநிலை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தால் இங்கே வேலை பார்க்கலாம், சொந்தமாகக் கிளினிக்கும் வைக்கலாம். அமெரிக்கா போக நினைத்தால் இளநிலை போதாது. அங்கே ஸ்பீச் தெரபிக்கு முதுநிலையும் ஆடியாலஜிக்கு முனைவர் நிலைப் பட்டமும் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. சில மாதச் சான்றிதழ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தெரபிஸ்ட் என்று பலகை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓரிடத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றரை வருடம் "நாக்குப் பயிற்சி" கொடுத்திருந்தார்கள். தேனைத் தடவி நக்கவைப்பது, விசில் ஊதவைப்பது. காதை ஒரு தடவைகூடப் பரிசோதிக்கவில்லை. என்னிடம் வந்தபோது அந்தப் பெண் குழந்தைக்கு நாலரை வயது. நாக்கில் எந்தக் குறையும் இல்லை, கேட்கவில்லை. குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். அந்தக் குழந்தை இழந்த வருடங்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரியின் பெயர் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில், இந்தக் கல்வியாண்டுக்கு, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற படிப்பின் நேரே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "அங்கீகாரம் வந்துகொண்டே இருக்கிறது" என்று அலுவலகத்தில் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.